கேட்ட அளவு வெண்ணெய்

மூன்றாவது ரொட்டியும் நடுவில் குழி விழுந்துதான் வந்தது. கலைவாணி பிரெட் மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். இரண்டாம் தடவை பார்த்தால் குழி நிரம்பிவிடப் போகிறதா என்ன? ஓரங்கள் மட்டும் எழும்பி, நடுவே பள்ளமாகி, பள்ளத்தில் வெண்ணெய் தேங்கி, மழை விட்ட மறுநாள் பிள்ளையார்பாளையத்துத் தெரு மாதிரிக் கிடந்தது அது.

"இன்னைக்கும் உக்காந்துகிச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் மாமியார் நீலாம்பாள்.

"ஆமா அத்தை. உக்காந்துகிச்சு."

"வந்ததும் உக்கார்றதுக்கு அது இன்னா விருந்தாளியா?"

பதில் சொன்னால் வேறு ஏதாவது வாயில் வந்துவிடும். கலைவாணி ரொட்டியைத் தட்டில் கவிழ்த்தாள். முதல் ரொட்டியைத் திங்கட்கிழமை மாமியார் தவிர எல்லோரும் ஆசையாகச் சாப்பிட்டார்கள். புதன்கிழமை வந்த இரண்டாவதைக் கடமைக்குச் சாப்பிட்டார்கள். நாலாம் வகுப்பு படிக்கும் மகள் திரிஷா அதை டிபன் டப்பாவிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து, "எண்ணெய் ஒழுகுதும்மா, நோட்டெல்லாம் போச்சு" என்றாள். இன்று வியாழன். இந்த மூன்றாவதை மாட்டுக்குத்தான் போடவேண்டும், மாடும் மோந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்யும்.

இத்தனைக்கும் அவளுக்குத் தெரியாத வேலை இல்லை இது. அதுதான் வயிற்றெரிச்சல். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெரிய ஓட்டலின் பேக்கரியில் வேலை பார்த்தவள். வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் ஓட்டல். காலையில் அவர்களுக்குப் பிரியோஷ் வேண்டும். முட்டையும் வெண்ணெயும் தாராளமாகப் போட்டுச் செய்கிற பிரெஞ்சு ரொட்டி. சரியாக வந்தால் பஞ்சு மாதிரி இருக்கும், பிய்த்தால் இழை இழையாகப் பிரிந்து வரும். ஒரு நாளைக்கு அறுபது ரொட்டி இறக்கியிருக்கிறாள். ஒன்றுகூட இப்படி மானத்தை வாங்கியதில்லை.

இப்போது மட்டும் என்ன வந்தது? ஏனாத்தூரில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கிறிஸ்டோபர் என்று ஒருவர் புதிதாக கஃபே திறக்கப்போகிறார். வீட்டில் ரொட்டி செய்கிறவர்கள் தொடர்பு கொள்ளலாம் என்று போனில் விளம்பரம் வந்தது. கலைவாணி பதினோரு வருஷமாக அப்படி ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தாளோ என்னவோ, படித்த அரை நிமிஷத்தில் பதில் அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பிரியோஷ் கொண்டு வாருங்கள், ருசி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். சென்னையிலிருந்து இன்னொருவரும் கொண்டுவருகிறாராம். ஆர்டர் இருவரில் ஒருவருக்குத்தான்.

அவளுக்கு வேண்டியது அந்த ஆர்டர். அது கிடைத்தால் தன் கையால் தான் கற்ற தொழிலைச் செய்யலாம். கிடைக்காவிட்டால் மெஷின் பரணுக்குப் போகும், அதோடு சேர்ந்து அவளும் போனமாதிரிதான்.

மெஷின் வந்த கதையும் ஒரு வயிற்றெரிச்சல்தான். அவள் கேட்டது ஓவன். சின்னதாக ஒன்று, மேடையின் ஓரத்தில் வைக்கிற மாதிரி. போன கல்யாண நாளன்று கணவன் கதிர்வேல் தூக்கமுடியாமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான். "ஓவன்ல நீ மாவு பெசையணும், கை வலிக்கும். இது பெசைஞ்சு, பொங்கவிட்டு, சுட்டும் குடுத்துடும். ஓவனை விட ரெண்டு மடங்கு விலைம்மா!" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து யார் என்ன சொல்லமுடியும்?

கதிர்வேல் அப்படித்தான். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, வீட்டு வேலைக்கு ஆள் வைத்தான். அம்மா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, காரை எடுத்துக்கொண்டு போய் அவள் அம்மாவையே அழைத்துவந்து பத்து நாள் வைத்துக்கொண்டான். பருத்திப் புடவை ஒன்று கேட்டால் பட்டு வரும். தெருவில் உள்ள பெண்களெல்லாம் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளுக்குத்தான் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். கடித்தால், நன்றி கெட்டவள் என்று அவள் மனசே அவளைத் திட்டும்.

ரொட்டி குழி விழுந்ததற்கு, முதல் நாள் அவள் மின்சார வாரியத்தைத் திட்டினாள். நடுவில் கரண்ட் போய் வந்ததும் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து பிசைய ஆரம்பித்தது. சரி, அது ஒரு காரணம். இரண்டாம் நாள் நீலாம்பாள் மாட்டிக்கொண்டாள். அவள் முட்டை தொடமாட்டாள், அந்த ரொட்டியை ஒரு துண்டுகூட வாயில் வைக்கப்போவதில்லை. ஆனால் மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ரொட்டி ஆகும் மூன்று மணி இருபது நிமிஷத்தில் ஆறு தடவை மூடியைத் திறந்திருக்கிறாள்.

"சூடு வெளிய போயிடும் அத்தை. அதான் உக்காந்துடுது."

"தறியில பாவு நூல் ஓடுறப்போ எட்டிப் பாக்காம இருப்பாங்களாம்மா? பாத்தா இன்னா கொறைஞ்சு போவுது?"

வியாழக்கிழமை காலை கலைவாணி மூடியைச் சுற்றிப் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டாள். அதைப் பார்த்த நீலாம்பாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். அவ்வளவும் செய்து, கரண்டும் போகாமல், மூடியும் திறக்காமல், ரொட்டி மறுபடி குழி விழுந்தால்? கலைவாணிக்கு அழுகை வரவில்லை. யாரையாவது நாலு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

ஈஸ்டை மாற்றினாள். காந்தி ரோடு கடையில் புது பாக்கெட். மைதாவையும் மாற்றினாள். எடை மட்டும் சரியாக இருந்தது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிரியோஷ் கிண்ணக் கணக்குக்குப் படியாது, எல்லாம் கிராமில் வேண்டும். வீட்டிலோ கிராம் சுத்தமாக எடைபோடும் தராசு இருந்தது. முன்னறையில், பட்டு எடைபோடும் தராசு. கதிர்வேல் தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுத்து, புடவையாக எடைபோட்டு வாங்குகிறவன். அந்தத் தராசை அவனைத் தவிர யாரும் தொடக்கூடாது.

சமையலறைக்கென்று சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் கேட்டாள். அதற்கு மட்டும், அதிசயமாக, கதிர்வேல் முடியாது என்றான்.

"பட்டு குடுக்கற வீட்ல ரெண்டு தராசு இருக்கக்கூடாது வாணி. குடுக்க ஒண்ணு, வாங்க ஒண்ணுன்னு பேசுவாங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த வீட்ல ஒரு தராசுதான். நீ இன்னா வேணும்னு எழுதிக் குடு, நான் போட்டுத் தரேன்."

ஆக, ஒவ்வொரு முறையும் அவள் சீட்டில் எழுதிக் கிண்ணங்களோடு அனுப்புவாள். அவன் முன்னறையில் எடைபோட்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வரிசையாக வைப்பான். முட்டை மட்டும் அந்த அறைக்குப் போகாது, அது எண்ணிக்கை.

வெள்ளிக்கிழமை முட்டை கூடாது. சனிக்கிழமை கிருத்திகை. கலைவாணி காலண்டரை எடுத்துப் பார்த்து, சுவரில் மாட்டி, மறுபடி எடுத்துப் பார்த்தாள். கிருத்திகை கிருத்திகைதான். மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்கு ரொட்டி இறங்கும். ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம். பத்தரைக்குக் கிளம்பினால் ஏனாத்தூர். ஒரே ஒரு தடவை, அதற்குமேல் சந்தர்ப்பம் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் கிறிஸ்டோபரிடமிருந்து செய்தி வந்தது: "சிஸ்டர், நாளைக்கு கன்ஃபர்ம்தானே?" அவள் கன்ஃபர்ம் என்று அடித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு முன்னாலேயே கதிர்வேல் குளித்து, திருநீறு பூசித் தயாராக நின்றான். அவள் சீட்டைக் கொடுத்தாள். மைதா நானூறு, பால் நூற்றிருபது, வெண்ணெய் நூற்றிருபது, சர்க்கரை ஐம்பது, ஈஸ்ட் ஏழு, உப்பு ஆறு. அவன் மைதாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி போனான். மூன்று முட்டையை உடைத்து ஊற்றியவள், பாலுக்கான கிண்ணம் மேடையிலேயே இருப்பதைப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

முன்னறை வாசலில் நின்றுவிட்டாள்.

தராசில் வெண்ணெய் இருந்தது. எண் நூற்றிருபது என்று காட்டிக்கொண்டு நின்றது. கதிர்வேல் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு, மிச்சக் கட்டியிலிருந்து விரலால் ஒரு துண்டு கிள்ளி மேலே வைத்தான். நூற்று முப்பத்தெட்டு. திருப்தியாகக் கிண்ணத்தைத் தூக்கினான்.

"இன்னாங்க பண்றீங்க?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒளிக்கவேண்டிய காரியம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "வெண்ணெய்ம்மா. நூத்திருபது."

"நூத்திருபதுக்கு மேல ஒண்ணு வெச்சீங்களே, அது?"

"அது சேதாரம்."

கலைவாணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் விட்டெறிந்திருப்பாள். "ரொட்டிக்கு இன்னாங்க சேதாரம்?"

"வெண்ணெய் காகிதத்துல ஒட்டும்ல? பால் சூட்டுல வத்தும். ஈஸ்ட்டு தூசாட்டம் இருக்குது, கொட்டறப்போ பறந்துடும். உனக்குக் கொறையக்கூடாதேன்னு ஒரு கை கூடப் போடுவேன். தறிக்காரங்களுக்குப் போடற மாதிரிதான். நூல் அறுந்து வீணாப்போறதுக்குன்னு எடைக்கு மேல ரெண்டு இழை வெப்போம். இந்த வீட்ல பட்டு வாங்கினவன் ஒருத்தன் கொறைச்சல்னு சொன்னதில்ல, தெரியும்ல?"

"அப்போ மைதா?"

"மைதா எங்க போவப்போவுது? அது சரியா நானூறு."

"எத்தினி நாளா இப்படி?"

"மொதல்லேர்ந்துதான்."

அவளுக்குத் தலைக்குள் என்னவோ அறுந்தது. மாவு கேட்ட அளவு, வெண்ணெயும் பாலும் ஈஸ்ட்டும் கேட்டதற்கு மேல். பொங்குவது அளவுக்கு மீறிப் பொங்கி, தாங்க மாவு இல்லாமல் உட்காராமல் வேறு என்ன செய்யும்? மூன்று நாள் ஊரையெல்லாம் திட்டியிருக்கிறாள். வயசான மனுஷி கை வைக்கக்கூடாது என்று மூடிக்கு டேப் ஒட்டியிருக்கிறாள். காரணகர்த்தா இங்கே திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறான்.

"உங்களாண்ட நான் கேட்டது கேட்டபடி எப்பவாச்சும் கெடைச்சிருக்குதா?" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பதினோரு வருஷத்தில் இந்த வீட்டின் முன்னறையில் அவள் இப்படிப் பேசியதில்லை. "ஓவன் கேட்டேன். வேலைக்குப் போறேன்னு கேட்டேன். எங்கம்மாவாண்ட நாலு நாள் இருக்கணும்னு கேட்டேன். ஒரு காட்டன் புடவை கேட்டேங்க! எதையாச்சும் நான் கேட்டபடி குடுத்தீங்களா?"

"கூடத்தானேம்மா குடுத்தேன்?" கதிர்வேலின் முகம் சுருங்கிப்போயிற்று. "கொறைச்சா குடுத்தேன்?"

"கூடக் குடுத்தாலும் அது நான் கேட்டது இல்லீங்க. நான் கேட்டது உங்க காதுலயே விழல. எனக்கு இன்னா வேணும்னு நீங்களே முடிவு பண்ணி, அதுல ஒரு கை கூடவும் போட்டுக் குடுத்துடறீங்க. நான் வாயத் தொறந்தா நன்றி கெட்டவ. இன்னைக்கு இந்த ரொட்டி போச்சுன்னா எனக்கு வேற எதுவும் வாங்கிக் குடுக்காதீங்க. ஒண்ணும் வேணாம் எனக்கு."

கூடத்திலிருந்து நீலாம்பாளின் குரல் வந்தது. "அப்போ நான் மூடியத் தொறந்ததுல ஒண்ணும் இல்லியா?"

"அதுலயும் கொஞ்சம் இருக்குது அத்தை," என்றாள் கலைவாணி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டேப்பு ஒட்டினது தப்புதான். மன்னிச்சுக்கோங்க. ஆனா தொறக்காதீங்க."

கதிர்வேல் கிண்ணத்தை மறுபடி தராசில் வைத்தான். விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக வெண்ணெயைத் திரும்ப எடுத்தான். நூற்றிருபத்தொன்பது. நூற்றிருபத்து மூன்று. நூற்றிருபது. பாலை ஊற்றினான். நூற்றிருபதில் நிறுத்தினான், கை ஒரு முறை தானாக முன்னால் போயிற்று, திரும்பி வந்தது. ஈஸ்ட் ஏழு கிராம். அவனுக்கு அது உடம்பு வலி மாதிரி இருந்திருக்கவேண்டும், நெற்றி வேர்த்துவிட்டது. அவளுக்குப் பரிதாபமாகவும் இருந்தது, கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷி எதைத்தான் செய்வது?

மெஷின் பிசைய ஆரம்பித்தது. ஏழு மணி வாக்கில் மின்விசிறி சட்டென்று தளர்ந்தது. மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். நீலாம்பாள் முருகா என்றாள். விசிறி மறுபடி வேகம் பிடித்தது, மெஷின் நிற்கவில்லை. திரிஷா எழுந்துவந்து, "இன்னைக்கு யாரு அதைச் சாப்பிடணும்?" என்று பயத்தோடு கேட்டாள். யாரும் வேண்டாம் என்று தெரிந்ததும் நிம்மதியாகப் பல் தேய்க்கப் போனாள்.

எட்டரைக்கு மெஷினின் மணி அடித்தது. கலைவாணி மூடியைத் திறந்தாள். ரொட்டி உருண்டு திரண்டு எழும்பி, பழுப்புப் பளபளப்போடு நின்றது. குழியும் இல்லை, வெண்ணெய் வழியவும் இல்லை. நீலாம்பாள் இப்போது சட்டப்படி எட்டிப் பார்த்தாள்.

"கோபுரத்துக் கும்பமாட்டம் இருக்குதே," என்றாள். "வாசனைகூட நல்லாத்தான் இருக்குது. முட்டை மட்டும் இல்லாம இருந்தா..." என்று இழுத்தவள், மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை.

ரொட்டியை அட்டைப் பெட்டியில் வைக்கும்போது கதிர்வேல் பக்கத்தில் வந்து நின்றான். முன்னறையிலிருந்து ஒரு பட்டுத் துணித்துண்டு எடுத்து வந்திருந்தான், மேலே போர்த்த. அவள் பார்த்தாள். அவன் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பைக் சாவியை எடுத்தான்.

கஃபேயில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கிறிஸ்டோபருக்கு முப்பது வயசு இருக்கும், கழுத்தில் ஏப்ரன். மேஜையின்மேல் ஏற்கெனவே சென்னை ரொட்டி வந்து உட்கார்ந்திருந்தது, பேர் அச்சடித்த பெட்டியில், ரிப்பன் எல்லாம் கட்டி. கலைவாணி தன் அட்டைப் பெட்டியை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். கிறிஸ்டோபர் இரண்டையும் அறுக்கவில்லை, கையால் பிய்த்தார். சென்னை ரொட்டி உதிர்ந்தது. அவளுடையது இழை இழையாக நீண்டு பிரிந்தது. அவர் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், இன்னொரு துண்டு பிய்த்தார்.

"இதான்," என்றார் கடைசியில். கதிர்வேலைப் பார்த்துத்தான் சொன்னார். "சார், எனக்கு டெய்லி நாலு ரொட்டி வேணும். உங்களால முடியுமா?"

கதிர்வேலின் வாய் திறந்தது. கலைவாணிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். நாலு இன்னா தம்பி, ஆறா வாங்கிக்கோங்க. பதினோரு வருஷமாகத் தெரிந்த வாய் அது. ஒரே ஒரு மெஷின், ஒரு ரொட்டிக்கு மூன்று மணி இருபது நிமிஷம், வீட்டில் பெண், மாமியார், செவ்வாய், வெள்ளி. அவன் ஆறு என்று சொன்னால் அவள் செத்தாள். முடியாது என்று அவனுக்குமேல் அவள் சொன்னால் அவன் மானம் போய்விடும்.

கதிர்வேல் வாயை மூடினான்.

"என்னைக் கேக்காதீங்க தம்பி," என்றான். "ரொட்டி அவங்களது. அவங்க இன்னா சொல்றாங்களோ அதான்." சொல்லிவிட்டு, அங்கேயே நின்றால் வாய் கேட்காது என்று பயந்தவன்போல, விடுவிடுவென்று வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

கலைவாணி சொன்னாள்: "ரெண்டு. அதுக்கு மேல முடியாது. செவ்வாய், வெள்ளி கெடையாது. கிருத்திகை அன்னைக்கும் கெடையாது, அதை முன்னாடியே சொல்லிடுவேன்."

"ரெண்டுதானா சிஸ்டர்?"

"ரெண்டுதான்."

கிறிஸ்டோபர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். மேஜையில் கிடந்த இழைகளைப் பார்த்தார். "சரி. புதன்கிழமையிலேர்ந்து அனுப்புங்க," என்றார்.

வண்டி ஏனாத்தூரை விட்டுக் கிளம்பியது. கதிர்வேல் எதுவும் கேட்கவில்லை. ஆர்டர் கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவன் படும் பாடு முதுகிலேயே தெரிந்தது. முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டால்தான் என்ன, கேட்கக்கூடாதென்றா சொன்னோம்? ரயில்வே கேட் வந்தது, மூடியிருந்தது. பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அவன் காலை ஊன்றி, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கெடைச்சிடுச்சுங்க," என்றாள் அவள். "தினம் ரெண்டு ரொட்டி. ரெண்டுதான் சொன்னேன்."

இன்னொரு மெஷின் வாங்கிடலாம் என்பான், உதவிக்கு ஆள் வைக்கிறேன் என்பான், தெருவுக்கே விருந்து என்பான் என்று அவள் காத்திருந்தாள். ரயில் போய் முடிந்தது.

"சரி," என்றான் கதிர்வேல்.

அதோடு நிறுத்திக்கொண்டான். கேட் திறந்தது. கலைவாணி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, பஸ்காரன் பார்க்கிறான் என்றுகூடப் பாராமல், அழுதுகொண்டே வந்தாள்.